ஆமையைக் கட்டாயம் காட்டுவோம் என்பவர்களிடம் பணம் கட்டாதீர்கள்

கடலாமைகள் முட்டையிட வரும் பருவத்தில் "இரவு நடை, ஆமையைக் கட்டாயம் காட்டுவோம், இல்லையென்றால் பணம் வாபஸ்" என்று விளம்பரம் செய்கிறார்கள். அதை நம்பிக் குடும்பத்தோடு போனோம். இன்னொருவர் மாட்டக் கூடாது என்றுதான் எழுதுகிறேன்.

நடை என்றவர்கள் ஜீப்பில் ஏற்றினார்கள். வண்டி நேராக மணல்மேட்டின் மேல் ஏறியது. அடம்புக் கொடியும் இராவணன் மீசைப் புல்லும் படர்ந்து பிடித்து வைத்திருக்கும் மணல் அது. சக்கரம் போன தடத்தில் கொடி அறுந்து வேர் வெளியே கிடந்தது. கொடி போனால் காற்று மணலை வாரிவிடும், மேடு கரையும். சொல்லிப் பார்த்தேன். "எல்லா வண்டியும் இதுலதான் சார் போகுது" என்றார் வழிகாட்டி.

அப்புறம் நடந்ததுதான் கொடுமை. அலையோரத்திலிருந்து ஓர் ஆமை மெல்ல ஏறி வந்தது. துடுப்பால் உந்தி, நின்று, மூச்சுவிட்டு, மறுபடி உந்தி. கரையேறும்போது வெளிச்சமோ ஆள் நடமாட்டமோ தெரிந்தால் மிரண்டு, முட்டையிடாமலே திரும்பிவிடும். முட்டையிட ஆரம்பித்த பிறகுதான், அதுவும் பின்பக்கமாக, சத்தமில்லாமல் நெருங்க வேண்டும். இவரோ வெள்ளை டார்ச்சை அதன் முகத்தில் அடித்து எல்லாரையும் செல்ஃபி எடுக்கக் கூப்பிட்டார். ஆமை அப்படியே திரும்பிக் கடலுக்குள் போய்விட்டது.

அதோடும் விடவில்லை. ஒரு பிளாஸ்டிக் வாளித் தண்ணீரில் ஆமைக்குஞ்சுகள். கையில் வாங்கிக் கடலில் விடத் தனிக் கட்டணமாம். பொரிந்து வரும் குஞ்சுக்கு ஆழ்கடல் சேரும்வரை தெம்பு, உடம்பில் மிச்சமிருக்கும் மஞ்சள்கருதான். அதை வாளிச் சுவரில் முட்டி முட்டித் தீர்த்துக்கொண்டிருந்தன. என் மகள் பார்த்துவிட்டு அழுதாள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டதற்கு, "ஆமையத்தான் பாத்துட்டீங்களே" என்று முடித்துக்கொண்டார்கள்.

முன்பதிவுக்கு முன் இரண்டைக் கேளுங்கள்: வண்டி எங்கே நிற்கும், என்ன விளக்கு? ஒழுங்காக நடத்துபவர்கள் வண்டியை மணலில் இறக்க மாட்டார்கள், மங்கிய சிவப்பு விளக்குதான் வைத்திருப்பார்கள், ஆமை வராமலும் போகலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவார்கள். முட்டைக் குழியைத் தோண்டிக் காட்டுகிறோம் என்றால் அங்கேயே கிளம்பிவிடுங்கள். முட்டையைப் புரட்டினாலே உள்ளிருக்கும் கரு சாகக்கூடும். வண்டி எண்ணோடும் வாளியின் படத்தோடும் வனத்துறைக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன்.