தேவாலயத்தின் அகதி ஸ்பொன்சர் குழு: உள்ளே நின்று பார்த்தவளின் மதிப்பீடு

ஸ்காபரோவில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட உள்ள தேவாலயம் ஒன்று எரித்திரியக் குடும்பமொன்றை ஸ்பொன்சர் செய்து கூட்டி வந்தது. நான் சைவக்காரி, அந்தச் சபையில் உறுப்பினரும் இல்லை. வேலைத்தலத்துத் தோழி கேட்டதால் குழுவில் சேர்ந்தேன். குடும்பம் வருவதற்கு முன்பிருந்து ஆதரவுக் காலம் முடிந்த பிறகும் கூட நின்றேன். இப்படிப்பட்ட குழுவுக்குக் காசு கொடுக்கலாமா, நேரம் கொடுக்கலாமா என்று எங்கள் ஆட்கள் சிலர் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இது. ஐந்துக்கு நான்கு கொடுப்பேன்.

தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக: கனடாவில் அரசாங்கம் மட்டுமல்ல, சாதாரண மக்களும் சேர்ந்து அகதிக் குடும்பத்தை வரவழைக்கலாம். 1978இல் நடைமுறைக்கு வந்த குடிவரவுச் சட்டம் அதற்கு வழி திறந்தது. 1979 மார்ச்சில் மெனனைற் என்ற கிறிஸ்தவச் சபையினரின் அமைப்புதான் அரசோடு முதல் ஒப்பந்தம் செய்தது. அடுத்த ஆண்டு முடிவதற்குள் வியட்நாம், கம்போடியா, லாவோஸ் நாடுகளிலிருந்து வந்த ஏறத்தாழ 60,000 பேரில் பாதிக்கு மேற்பட்டோரைக் கூப்பிட்டது தேவாலயங்களும் அயலவர் குழுக்களும்தான். 1986இல், அகதிகளுக்கு உதவுவோருக்கு ஐ.நா. கொடுக்கும் நான்சன் பதக்கம் கனடா மக்களுக்கே கிடைத்தது. அதே ஆண்டு ஓகஸ்ட்டில்தான் நியூஃபவுண்ட்லாந்துக் கரைக்கு அப்பால் உயிர்காப்புப் படகுகளில் தத்தளித்த எங்கள் ஈழத்தமிழர் 155 பேரை மீனவர்கள் காப்பாற்றினார்கள்.

வருபவர்களை வழக்கமாக 12 மாதம் குழு தாங்க வேண்டும். வாடகை, சாப்பாடு, தளபாடம், பள்ளிக்கூடம், வைத்தியர், ஆங்கில வகுப்பு எல்லாம் குழுவின் பொறுப்பு. மாதச் செலவுக்குக் கொடுப்பது அந்த ஊரின் சமூக உதவித் தொகைக்குக் குறையக் கூடாது.

எங்களிடம் வந்தது ஒரு தாயும் மூன்று பிள்ளைகளும், சூடானிலிருந்து. எரித்திரியாவில் தேசிய சேவை என்ற கட்டாய இராணுவச் சேவை சட்டத்தில் 18 மாதம். 1998இல் எத்தியோப்பியாவோடு எல்லைப் போர் தொடங்கிய பிறகு அதற்கு முடிவே இல்லாமல் போய்விட்டது. மூத்த பெடியன் வளர வளர அந்தத் தாய்க்குப் பயம் கூடியிருக்கிறது. பிள்ளையைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களோ என்ற பயத்தை யாழ்ப்பாணத்திலிருந்து வந்த எனக்கு யாரும் விளங்கப்படுத்தத் தேவையில்லை. 1995 ஒக்டோபரில் வலிகாமத்தை விட்டு வெளிக்கிட்டவள் நான்.

முதல் குறை காத்திருப்பு. இது தேவாலயத்தின் பிழை இல்லை, ஆனால் சேருகிறவர்கள் தெரிந்திருக்க வேண்டும். விண்ணப்பப் பத்திரத்தில் கடைசிப் பிள்ளை கைக்குழந்தை. பியர்சன் விமான நிலையத்தில் தாயின் கையைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தபோது அது பள்ளிக்கூடம் போகிற வயது. அதற்குள் குழுவில் பாதிப் பேர் மாறிவிட்டார்கள். விடாமல் கூட்டம் கூட்டி, சேர்த்த காசைப் பத்திரமாக வைத்திருந்த மூன்று நான்கு பேரால்தான் காரியம் நடந்தது.

வீடு பிடிப்பதுதான் பெரிய பாடு. கடன் வரலாறு இல்லை, வேலைக் கடிதம் இல்லை என்று கட்டடத்துக்குக் கட்டடம் கையை விரித்தார்கள். ஒரு வீட்டுக்காரர் ஒரு வருட வாடகையை முன்கூட்டியே வை என்றார். கடைசியில் சபையைச் சேர்ந்த ஓய்வுபெற்ற தம்பதி தங்கள் பெயரில் பொறுப்புக் கையெழுத்துப் போட்டார்கள். நான் வந்த புதிதில் அப்படிக் கையெழுத்துப் போட ஒருவரும் இல்லாமல், ஆறு பேர் ஒரு பேஸ்மென்றில் கிடந்தோம். இந்தச் சேவையின் பெறுமதி காசில் இல்லை, இந்த மாதிரிக் கையெழுத்தில் இருக்கிறது.

சாமான் விஷயத்தில் பாதி நன்று. கட்டில், மெத்தை, பானை சட்டி, குளிர் ஜக்கெற் எல்லாம் தயாராக இருந்தன. அதோடு பை பையாகப் பழைய உடுப்பும் வந்து குவிந்தது. கிழிந்ததும் கறை பட்டதுமாக இருந்தவற்றைத் தரம் பிரித்துக் குப்பைக்கு அனுப்பவே தனி ஆள் வேண்டியிருந்தது. தயவுசெய்து, நீங்கள் உங்கள் பிள்ளைக்குப் போட்டு விடாததை அகதிப் பிள்ளைக்குக் கொடுக்காதீர்கள்.

குசினி அலுமாரி நிறைய பாஸ்ராவும் தகரத்தில் அடைத்த சூப்பும் வாங்கி அடுக்கியிருந்தார்கள். அந்தத் தாய் நன்றி சொல்லிவிட்டு வெறும் பாணைத் தேத்தண்ணியில் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். இரண்டு பேருமாகப் பஸ் எடுத்து டான்ஃபோர்த் வீதியில் உள்ள எத்தியோப்பிய, எரித்திரியக் கடைகளுக்குப் போனோம். ரெஃப் என்ற தானிய மாவும் பெர்பெரே மிளகாய்த்தூளும் கையில் வந்ததும் முகமே மாறிவிட்டது. மாவைத் தோசை மா மாதிரிப் புளிக்க வைத்து இஞ்சேரா சுட்டார். அப்புறம் கோப்பி. பச்சைக் கொட்டையைச் சின்னச் சட்டியில் வறுத்து, அந்தப் புகையை எல்லோருக்கும் நேரே காட்டி, இடித்து, கழுத்து நீண்ட மண் கூசாவில் காய்ச்சி, மூன்று சுற்று ஊற்றினார். முதல் தடவை புகை எச்சரிக்கை மணி அடித்துக் கட்டட மேலாளரே ஓடி வந்துவிட்டார்.

ஒரு மணித்தியாலத்துக்கு மேல் இருந்தால்தான் மூன்று சுற்றும் முடியும். குழுவில் பலர் கையில் பட்டியலோடு வருவார்கள்: சின் நம்பர் (வேலைக்குத் தேவையான சமூகக் காப்புறுதி இலக்கம்) வந்ததா, தடுப்பூசி போட்டாயிற்றா, வகுப்பில் பதிந்தாயிற்றா. கேட்டுவிட்டுப் போய்விடுவார்கள். மூன்றாவது கோப்பைக்கு இருந்தவர்களிடம்தான் அந்தத் தாய் மனதில் உள்ளதைச் சொன்னார், மூத்த பெடியன் மொழிபெயர்த்தான். வாடகையும் பில்லும் தேவாலயப் பொருளாளரே கட்டிவிட்டு, கைச்செலவுக்கு உறையில் காசு கொடுத்துக்கொண்டிருந்தார். சூடானில் கடையொன்றை நடத்திப் பிள்ளைகளைக் காப்பாற்றிய மனுசி, “என் காசை நானே கணக்குப் பார்க்கிறேன்” என்றார். பொருளாளர் வயதானவர், சரியாகக் கணக்கு வைக்கிறவர், முதலில் தயங்கினார். ஆனாலும் அந்தத் தாய் சொன்னதற்குச் சம்மதித்தார். அடுத்த மாதத்திலிருந்து முழுத் தொகையும் தாயின் வங்கிக் கணக்குக்கே போனது, வாடகையை அவரே கட்டினார். ஒரு மாதமும் பிந்தவில்லை.

“என்ன பிள்ளை, வேதத்துக்கு மாத்தத்தான் கூட்டி வருகினமோ?” என்று மாமி என்னிடம் கேட்டார். நியாயமான கேள்விதான். இங்கே அப்படி நடக்கவில்லை. குடும்பம் ஓர்தொடொக்ஸ் கிறிஸ்தவர்கள், ஞாயிறுகளில் தங்கள் சொந்தச் சபைக்கே போனார்கள். ஆனால் ஆராதனை நடுவில் அவர்களை மேடைக்குக் கூப்பிட்டு அறிமுகப்படுத்த வேண்டும் என்று குழுவில் சிலர் பிடிவாதமாக நின்றார்கள். செய்திமடலில் பிள்ளைகளின் படமும் வந்துவிட்டது, தாயிடம் கேட்காமல். நான் குறைத்த ஒரு புள்ளி இதற்குத்தான். உதவி வாங்கியவர் மாட்டேன் என்று சொல்லக் கூசுவார். கேட்கிறவர்தான் அதை விளங்கிக்கொள்ள வேண்டும்.

சேர நினைப்பவர்களுக்கு ஒரு தகவல். ஐந்து பேர் சேர்ந்து தாங்களாகவே ஸ்பொன்சர் செய்யும் வழியில் புதிய விண்ணப்பங்கள் எடுப்பதை 2024 நவம்பர் 29இல் அரசு நிறுத்தியது. அரசோடு ஒப்பந்தம் வைத்திருக்கும் சபைகளோடு சேர்ந்து செய்வது வேறு வழி. யுனைற்றட் சேர்ச், அங்கிலிக்கன் மறைமாவட்டங்கள், மெனனைற்றுகள் எல்லோரும் அந்தப் பட்டியலில் இருக்கிறார்கள், ஆனால் ஆண்டுக்கு இத்தனை பேர்தான் என்று அவர்களுக்கும் வரம்பு உண்டு. எந்தக் குழுவிலும் சேரும் முன் இரண்டு கேள்வி கேளுங்கள். குடும்பத்தின் காசு எப்போது குடும்பத்தின் கைக்குப் போகும்? 13ஆவது மாதத்துக்கு என்ன திட்டம்? எங்கள் குழு எட்டாவது மாதத்திலேயே அதைப் பேசத் தொடங்கியது. அதனால் காசு நிற்பதற்குள் தாய்க்கு ஒரு பேக்கரியில் அதிகாலை வேலை கிடைத்திருந்தது, கடைசிப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போக மாடியிலேயே ஒரு தமிழ் அம்மாவும் கிடைத்திருந்தார். இரண்டாவது கேள்விக்கு “அதை அப்போது பார்த்துக்கொள்ளலாம்” என்று பதில் வந்தால் வேறு குழுவைத் தேடுங்கள்.