காறை எலும்பை உறுத்தாத ஹான்ஸ்

புதுச்சேரியிலிருந்து இருங்காட்டுக்கோட்டைப் பந்தயத் தடத்திற்குச் சென்று ஆர்வத்திற்காகக் கார் ஓட்டும் நான், முதலில் வாங்கிய 30 டிகிரி சாய்வுள்ள ஹான்ஸ் (மோதலில் தலை முன்னே எகிறாமல் தடுக்க, தோள்மேல் பெல்ட்டுக்கடியில் அணியும் கழுத்துக் காப்பு), சாய்ந்து அமரும் ஃபார்முலா கார்களுக்கே ஏற்றது என்பதை, என் நிமிர்ந்த சலூன் கார் இருக்கையில் ஹெல்மெட்டை அது முன்னே தள்ளியபோதுதான் உணர்ந்தேன். காறை எலும்பின் மேல் சிவந்த தடம் மறைய இரண்டு நாட்களாயின.

இப்போது அணிவது 20 டிகிரி, நடுத்தர அளவு. வாங்குமுன் சொந்தக் காரிலேயே, ஹெல்மெட்டோடு பெல்ட்டை இறுக்கி, அரை மணி நேரம் அமர்ந்து பார்த்தேன். அந்தப் புழுக்கத்திலும் தோளில் உறுத்தல் இல்லை, பக்கக் கண்ணாடியைப் பார்க்கவும், ஹெல்மெட்டைக் காப்போடு இணைக்கும் நாடாக்கள் இடம் கொடுத்தன. கார்பன் வகையின் எடைக்குறைவு எங்களைப் போன்றோருக்கு வீண் செலவு. எஃப்ஐஏ (உலக மோட்டார் பந்தயக் கூட்டமைப்பு) 8858 பாதுகாப்புத் தர முத்திரையில் மட்டும் பேரம் பேசாதீர்கள். ஹெல்மெட்டிலும் அந்த நாடாக்களை மாட்டுவதற்குரிய கொக்கிகள் வேண்டும்.