மிட்சுயே யமதாவின் முகாம் கவிதைகள்: எந்தப் பதிப்பு, எப்படிப் படிப்பது

மலேயாவுக்குக் கப்பலேறியவர்களின் கதை கேட்டு வளர்ந்த நாகப்பட்டினம் பக்கத்து வாசகருக்கு யமதாவின் ‘கேம்ப் நோட்ஸ்’ கவிதைத் தொகுப்பு சட்டென்று ஒட்டிக்கொள்ளும். அமெரிக்காவின் சியாட்டிலில் வளர்ந்த யமதா, ஜப்பானோடு போர் மூண்டபின் ஜப்பானிய வம்சாவளியினர் என்பதற்காகவே 1942இல் குடும்பத்தோடு ஐடஹோ மாநிலத்தின் மினிடோகா முகாமில் அமெரிக்க அரசால் அடைக்கப்பட்டவர். நூல் வந்தது 1976இல்தான்.

கவிதைகள் சிறியவை, ஆங்கிலமும் எளிது. ஆனால் பின்னணி தெரியாமல் புரட்டினால் பாதி நழுவிவிடும். விசுவாசம் பற்றிய கவிதையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1943இல் முகாமில் நீட்டிய படிவத்தின் 28ஆம் கேள்வி, ஜப்பான் பேரரசர் மீதான பற்றைத் துறக்கச் சொன்னது. ஜப்பானிலிருந்து குடியேறிய பெற்றோருக்கோ அமெரிக்கக் குடியுரிமை பெறச் சட்டத்தில் வழியே இல்லை. கையெழுத்திட்டால் எந்த நாடும் மிஞ்சாது. கவிதையில் தாய் கதறுவது இதற்காகத்தான். தெரிந்து படித்தால் நெஞ்சை அறுக்கும். இன்னொன்றில், வெளியேற்றப் பேருந்தில் ஏறும்போது புகைப்படக்காரர் சிரிக்கச் சொல்கிறார். அந்தச் சிரிப்பு மறுநாள் செய்தித்தாளில் ‘டோக்கியோவுக்கு ஒரு பாடம்’ என்ற படக்குறிப்பாகிவிடுகிறது. சில வரிகள்தான், அபாரம்!

வாங்குவதானால் ரட்கர்ஸ் பல்கலைக்கழகப் பதிப்பகத்தின் 1998 பதிப்பு. அவருடைய இன்னொரு தொகுப்பான ‘டெசர்ட் ரன்’னும் அதிலேயே உண்டு. முகாம் கவிதைகளின் இறுக்கம் ‘டெசர்ட் ரன்’னில் சற்றுக் குறைவு. கும்பகோணம், தஞ்சாவூர் கடைகளில் சொல்லி வரவழைப்பவர்கள், தலைப்பில் ‘அதர் ரைட்டிங்ஸ்’ என்று இருக்கிறதா பாருங்கள். ‘அதர் போயம்ஸ்’ என்றால் பழைய, சிறிய நூல்.