மூக்கு வழியா, காதுக்குப் பின்னாலா? கார்டோமா அறுவையில் எந்தப் பாதை

தூரத்தில் வரும் வண்டி பக்கம் பக்கமாக இரண்டாகத் தெரியும். ஒரு கண்ணை மூடினால் ஒன்றாகிவிடும். கண்ணாடியை மாற்றிப் பார்த்தாலும் சரியாகாது. கிளைவஸில் கார்டோமா என்ற கட்டி வந்த பலருக்குக் கதை இப்படித்தான் தொடங்குகிறது. கிளைவஸ் என்பது மண்டையோட்டின் அடியில், நடுக்கோட்டில், சரிவாக நிற்கும் எலும்பு. கண்ணை வெளிப்பக்கம் திருப்பும் ஆறாவது மண்டை நரம்பு அதை ஒட்டித்தான் மேலேறுகிறது. அங்கே கட்டி வளர்ந்தால் முதலில் அடிவாங்குவது பெரும்பாலும் அந்த நரம்புதான்.

கருவில் முதுகெலும்பு உருவாகுமுன் இருக்கும் முதுகுநாணின் மிச்சத் திசுவிலிருந்து வருவது கார்டோமா. ஆண்டுக்குப் பத்து லட்சம் பேரில் ஒருவருக்கு வந்தால் அதிகம். மண்டையோட்டு அடித்தளம், முதுகெலும்பு, அதன் அடிமுனையில் இருக்கும் திருவெலும்பு என்று அந்த நாண் ஓடிய வழியில் எங்கும் வரும். மெதுவாக வளரும், ஆனால் விட்ட இடத்திலேயே திரும்பத் திரும்ப வரும்.

கத்தியை எடுக்குமுன் ஆள்மாறாட்டத்தைத் தீர்க்க வேண்டும். காண்ட்ரோசார்கோமா என்ற குருத்தெலும்புக் கட்டியும் எம்.ஆர்.ஐ.யின் டி2 படத்தில் இதேபோல வெள்ளை வெளேரென்று மின்னும், சி.டி.யில் இதேபோல எலும்பை அரித்திருக்கும். அது வழக்கமாக நடுக்கோட்டை விட்டு ஒதுங்கி இருக்கும் என்பது ஒரு துப்பு, அவ்வளவுதான். தீர்ப்பு பயாப்ஸியில்: பிராக்யூரி என்ற புரதம் செல்லின் உட்கருவில் சாயமேறினால் கார்டோமா. பெயர் மாறினால் எதிர்காலக் கணக்கும் மாறும், ஏனென்றால் காண்ட்ரோசார்கோமா பொதுவாக இதைவிடச் சாது.

இனி பாதைக்கு வருவோம். ‘மூக்கு வழி என்றால் தழும்பு இல்லை, மண்டையைத் திறக்க வேண்டாம், அப்போ அதுதானே நல்லது’ என்று குடும்பத்தார் கேட்பது இயல்பு. ஆனால் தழும்பை வைத்து முடிவெடுப்பதில்லை. பார்க்க வேண்டியது, கட்டி நரம்புகளுக்கு எந்தப் பக்கம் இருக்கிறது என்பதை. கிளைவஸுக்குப் பின்னால் மூளை உறை, அதற்குப் பின்னால் பேசிலார் தமனி, அதை ஒட்டி மூளைத்தண்டு. இரு பக்கமும் கரோட்டிட் தமனிகள். மண்டை நரம்புகள் மூளைத்தண்டிலிருந்து கிளம்பிப் பக்கவாட்டில் விரிகின்றன. எண்டோஸ்கோப் என்ற கேமராக் குழாயோடு மூக்கு வழியே போனால் நேராகக் கட்டியின் முகத்தில் போய் நிற்கலாம், நரம்புகள் ஓரத்தில் இருக்கும். காதுக்குப் பின்னால் திறந்து போனால் அந்த நரம்புகளின் இடுக்குகளில் கையை விட்டுத்தான் கட்டியைத் தொட முடியும். முகம் கோணுவது, காது கேட்காமல் போவது, குரல் கம்முவது, விழுங்கும்போது புரையேறுவது எல்லாம் அந்த இடுக்கில் பிறக்கும் தொல்லைகள். கழுத்தோடு மண்டை சேரும் மூட்டெலும்பைப் பாதிக்கு மேல் செதுக்க நேர்ந்தால், தலையையும் கழுத்தையும் கம்பி வைத்துப் பிணைக்கும் இன்னொரு அறுவையும் சேர்ந்துகொள்ளும்.

மூக்கு வழி மட்டும் சும்மா விடுமா? அதன் தொல்லை கசிவு. கட்டி மூளை உறையைத் துளைத்திருந்தால், எடுத்த பிறகு மூளைத் தண்டுவடத் திரவத்துக்கும் மூக்குக்கும் நடுவே ஒரு ஓட்டை. குனிந்தால் ஒரு மூக்குத்துளையிலிருந்து தண்ணீராகச் சொட்டும், தொண்டையில் உப்புக் கரிக்கும். சளி என்று விட்டுவிட்டால் மூளைக்காய்ச்சல் வரை போகும். அந்தச் சொட்டைப் பிடித்து, அந்தத் திரவத்துக்கு அடையாளமான பீட்டா-2 டிரான்ஸ்ஃபெரின் என்ற புரதம் இருக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மூக்கின் நடுத்தடுப்பில் இருக்கும் சவ்வை அதன் ரத்தக் குழாயோடே பெயர்த்து ஓட்டையில் ஒட்டும் முறை 2006இல் வெளியான பிறகுதான் இந்தப் பாதைக்கே தெம்பு வந்தது. பெரிய ஓட்டை உள்ளவர்களுக்கு அந்தத் திரவத்தை வடிக்க இடுப்பில் வடிகுழாய் போடலாமா என்று அமெரிக்காவின் பிட்ஸ்பர்கில் 170 பேரிடம் சோதித்தார்கள். போட்டவர்களில் 8.2 சதவீதம் பேருக்குக் கசிந்தது, போடாதவர்களில் 21.2. மூக்கு வழியின் அடுத்த தொல்லை, மாதக்கணக்கில் மூக்கில் பொருக்கு, மணம் குறைவு. கரோட்டிட் கிழிவது இரு பாதையிலும் அரிது. குறுகிய மூக்குக்குள் கிழிந்தால் பஞ்சை அடைத்து, நேரே ஆஞ்சியோ அறைக்கு ஓட வேண்டியதுதான்.

என் கட்சி இதுதான்: கட்டி நடுக்கோட்டில் இருந்தால் மூக்கு வழி. கரோட்டிடைத் தாண்டி, கீழ் மண்டை நரம்புகளுக்கு வெளிப்பக்கம் பரவியிருந்தால் அங்கே மூக்கு வழியே போய்ச் சுரண்டிப் பார்ப்பது வீண், திறந்தே போகலாம். இரண்டு பக்கமும் இருந்தால் இரண்டு தவணை. ஒரே பாதையில் எல்லாவற்றையும் முடித்துக் காட்டுவேன் என்கிற மருத்துவரைவிட, இரண்டு பாதையிலும் கைபழகிய குழுவை நம்புவேன். முதல் அறுவைதான் நல்ல வாய்ப்பு. அடுத்த முறை போகும்போது தழும்புத் திசுவில் நரம்பு எது, கட்டி எது என்று பிரிப்பதே பாடு.

திருவெலும்பில் வாதமே வேறு. கிளைவஸில் கட்டியை உடைத்து உடைத்துத்தான் எடுக்க முடியும், இங்கே உடைக்காமல் ஒரே துண்டாக எடுப்பதுதான் குறி. உடைந்து சிந்தினால் அங்கேயே முளைக்கும். பயாப்ஸி ஊசியைக்கூட மலக்குடல் வழியாக விடமாட்டார்கள். முதுகுப் பக்கம் குத்தி, அந்த ஊசித் தடத்தையும் பிற்பாடு கட்டியோடு வெட்டி எடுப்பார்கள். இதற்கான விலையை நரம்பு கொடுக்கும். இரு பக்கமும் இரண்டாவது திருவெலும்பு நரம்புகள் போனால் சிறுநீர், மலக் கட்டுப்பாடு போய்விடும். மூன்றாவது நரம்பு ஒரு பக்கமாவது மிஞ்சினால் பலருக்குக் கட்டுப்பாடு தங்கும். புண் ஆறாமல் பிரிவதும் சகஜம். இந்த விலை வேண்டாம் என்பவர்களுக்குக் கார்பன் அயனிக் கதிர்வீச்சு ஒரு மாற்று. 1994 முதல் ஜப்பானின் சிபாவில் கொடுக்கிறார்கள்.

அறுவைக்குப் பின் மிச்சத்துக்குக் கொடுக்கும் கதிர்வீச்சிலும் இதே இழுபறி. கார்டோமாவை அடக்க 70 கிரேக்கு (கதிரளவின் அலகு) மேல் தேவை, மூளைத்தண்டு முழுவதும் தாங்குவது சுமார் 54 கிரே. கட்டிக்கும் மூளைத்தண்டுக்கும் இடைவெளியோ சில மில்லிமீட்டர். புரோட்டான் கதிர் குறித்த ஆழத்தில் நின்றுவிடும், எக்ஸ் கதிர் மறுபக்கம் வரை போகும். அதனால் மூளைத்தண்டை ஒட்டிய மிச்சத்துக்குப் புரோட்டான் பக்கம்தான் சாய்வேன். மூளைத்தண்டை விட்டு விலகிய சிறிய மிச்சம் என்றால் துல்லியமான எக்ஸ் கதிரும் போதும். முதுகெலும்பில் மட்டும் ஒன்றை முன்கூட்டியே கேட்டுவிட வேண்டும்: எலும்பைத் தாங்க வைக்கும் திருகு எதில் செய்தது? டைட்டானியம் என்றால் ஸ்கேனில் கீற்றுக் கீற்றாக நிழல் விழும், எங்கே எவ்வளவு கதிர் விழுகிறது என்ற கணக்கும் குழம்பும். கார்பன் நாரில் செய்த திருகு என்றால் அந்தத் தொல்லை குறைவு. திருகு ஏறிய பிறகு கதிர்வீச்சு மருத்துவரைப் பார்க்கப் போனால், இதைக் கேட்டுப் பயனில்லை.