இடுக்கி மலைக்கு எது ஏறும்: விமானமா, ஹெலிகாப்டரா, ஜீப்பா?

மூணாறிலிருந்து பெட்டிமுடி வரை தேயிலை, அதற்கப்பால் காடு. அந்தக் காட்டுக்குள் இருக்கும் இடமலைக்குடி 2010-இல் கேரளத்தின் முதல் பழங்குடிப் பஞ்சாயத்தாக அமைக்கப்பட்டது. அங்கு வாழும் முதுவர்களின் பேச்சு தமிழுக்கு மிக நெருக்கமானது. நோயாளியைக் கம்பில் கட்டிய மஞ்சலில் வைத்து ஆட்கள் தோள்மாற்றிச் சுமந்து வந்த செய்தியைப் படிக்கும் எவருக்கும், சிறுவிமானத்தில் மருத்துவரையே அங்கு அனுப்பினால் என்ன என்று தோன்றுவது இயல்பு.

விமானத்துக்கு வலுவான முன்னுதாரணம் உண்டு. ஜான் ஃபிளின் என்ற போதகரின் முயற்சியால் 1928 மே மாதம் ஆஸ்திரேலியாவின் குளோன்கரியில் பறக்கும் மருத்துவச் சேவை தொடங்கியது. 1957-இல் கிழக்கு ஆப்பிரிக்காவிலும் அத்தகைய சேவை உருவானது. ஒரே மருத்துவர் வாரம் முழுவதும் பல ஊர்களில் நாள் குறித்து முகாம் நடத்த முடிவதும், நூற்றுக்கணக்கான கிலோமீட்டரை ஹெலிகாப்டரைவிடக் குறைந்த செலவில் கடக்க முடிவதும் விமானத்தின் பலம். ஆனால் ஆஸ்திரேலிய உள்நாட்டின் இடர் தூரம். நம்முடைய இடர் சரிவு. அங்கே சமநிலத்தை ஒழுங்குபடுத்தி மண் ஓடுபாதை அமைத்துவிடலாம். இங்கோ, வண்டிப்பெரியாறுக்கு அருகே சத்திரத்தில் தேசிய மாணவர் படைக்காகக் கட்டப்பட்ட 650 மீட்டர் ஓடுபாதையின் ஓரமே 2022 மழையில் சரிந்தது. அந்த ஆண்டு டிசம்பரில் இலகுரக விமானம் ஒன்று அங்கு இறங்கியது என்பது உண்மைதான். ஆயினும் சத்திரம் மாவட்டத்தின் தென்பகுதியில் இருப்பதால், அங்கு இறங்கும் மருத்துவர் மூணாறு வந்து சேரவே மலைப்பாதையில் பல மணி நேரம் ஆகும். இடமலைக்குடியிலேயே ஓடுபாதை என்றால் காட்டை வெட்ட வேண்டும். அதை நான் ஒரு தெரிவாகவே கருதவில்லை.

ஹெலிகாப்டருக்கு ஓடுபாதை வேண்டாம். சிறு திடல் போதும். 2020 மே மாதம் திருவனந்தபுரத்திலிருந்து கொச்சிக்கு மாற்றுச் சிகிச்சைக்கான இதயத்தை அது சுமந்து சென்றபோது கேரளம் அதன் பயனைக் கண்டது. எனினும் வாராந்திர முகாமுக்கு அதை அமர்த்துவது கோழிக்குஞ்சைத் தூக்க யானையைக் கட்டுவதற்கு ஒப்பாகும். மேலும், சாலை துண்டிக்கப்படும் ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான மாதங்களில்தான் மலையை மேகமும் மூடிக்கிடக்கிறது.

ஜீப்பைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. மெதுவாகச் செல்லும், உடலைக் குலுக்கும், மண் சரிந்தால் நின்றுவிடும். ஆனாலும் ஓட்டுநரும் உதிரிப்பாகமும் மூணாறிலேயே கிடைக்கும். பெருஞ்சிகிச்சை வேண்டுமென்றால், இங்குள்ள தோட்டத் தொழிலாளர் குடும்பங்கள் பலவற்றுக்கு உறவும் மொழியும் உள்ள தேனிப் பக்கம் போடிமெட்டு வழியாக இறங்கவும் அதுவே கைகொடுக்கும்.

ஆகவே, பறக்கும் மருத்துவர்களிடமிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது விமானத்தை அன்று. விமானத்தோடு அவர்கள் சேர்த்துக்கொண்ட இரண்டு எளிய பொருள்களை. ஒன்று, 1942 முதல் தொலைதூரப் பண்ணைகளில் வைக்கப்பட்ட மருந்துப் பெட்டி. மருந்துகள் எண்ணிடப்பட்டிருந்ததால், படிப்பறிவு குறைந்தவரும் மருத்துவர் சொன்ன எண்ணைப் பார்த்து எடுத்துக் கொடுக்க முடிந்தது. முதுவர் குடியிருப்புதோறும் ஆஷா பணியாளரிடமோ பயிற்சி பெற்ற ஓர் இளைஞரிடமோ அத்தகைய பெட்டி இருந்து, ஜீப்பில் நாள் தவறாமல் வரும் செவிலியர் அதைச் சரிபார்த்து நிரப்பிச் சென்றால், காய்ச்சலும் வயிற்றுப்போக்கும் மஞ்சல் ஏறும் நிலைக்கு முற்றுவதைப் பெருமளவு தடுக்கலாம். பிரசவச் சிக்கலுக்கும் பாம்புக்கடிக்கும் பெட்டி போதாது. அவற்றுக்குச் சாலையும், வானம் தெளிந்த நாளில் ஹெலிகாப்டரும் வேண்டும்.

மற்றொன்று, ஆல்ஃபிரெட் டிரேகர் வடிவமைத்து 1929-இல் பயன்பாட்டுக்கு வந்த, காலால் மிதித்து மின்சாரம் உண்டாக்கும் வானொலி. அது வருவதற்கு முன், விமானம் ஆயத்தமாக இருந்தும் தொலைதூரப் பண்ணையிலிருந்து அதை அழைக்க எளிய வழி இருக்கவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, பெரும்பாலும் தமிழ்த் தோட்டத் தொழிலாளர் குடும்பங்களைச் சேர்ந்த 70 பேரைப் பறித்தபோது, அந்தச் செய்தி வெளியே எட்டவே மறுநாள் காலையாயிற்று. மின்சாரமும் அலைபேசிக் கோபுரமும் அணைந்த இரவில் இயங்கும் கம்பியில்லாக் கருவி ஒன்றின் விலை, விமானம் ஒருமுறை பறக்கும் செலவுக்கு அருகில்கூட வராது.