ஏர்லெஸ் இயந்திரமும் ஒட்டிக்கொள்ளும் குண்டும்: ஐந்தாண்டு அனுபவம்

ஈரோட்டில் ஷெட் வேலைகளை எடுத்துச் செய்யும் நண்பர் ஒருவர் சென்ற வாரம் தொலைபேசியில் அழைத்தார். என்னிடம் இருக்கும் அதே ஏர்லெஸ் பெயிண்ட் இயந்திரத்தின் விலை குறைந்திருக்கிறது, வாங்கிவிடலாமா என்பது அவருடைய கேள்வி. அவர் கேட்ட நேரம்தான் சரியில்லை. அதற்கு முந்தைய நாள்தான் பம்பில் கசிவைத் தடுக்கும் வளையங்களான பேக்கிங்குகளை இரண்டாம் முறையாக மாற்றி, அதற்கான பணத்தையும் கட்டிவிட்டு எடுத்து வந்திருந்தேன். அப்படியிருந்தும் அன்று காலை, சாரத்தின் மேல் இரண்டு ஆட்கள் ஸ்ப்ரே கன்னைப் பிடித்தபடி காத்திருக்க, கீழே இயந்திரம் சத்தமாக ஓடிக்கொண்டே ஒரு சொட்டு பிரைமரைக்கூட உறிஞ்சாமல் நின்றது. யோசித்துச் சொல்வதாக நண்பரிடம் கூறினேன். யோசித்தது இது.

மோட்டாரின் திறன், நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் என்பன போன்ற விவரங்கள் அட்டைப்பெட்டியின் மேலேயே இருப்பதால் அவற்றை நான் எழுதப்போவதில்லை. தயாரித்த நிறுவனத்தின் பெயரையும் எழுதப்போவதில்லை. நான் சொல்லப்போகும் குறை, பம்பின் அடியில் உள்ள எஃகுக் குண்டு ஒட்டிக்கொள்வது; அது அந்த ஒரு நிறுவனத்துக்கு மட்டும் உரியதன்று. கோவையைச் சுற்றியுள்ள தொழிற்சாலை ஷெட்டுகளின் இரும்புச் சட்டங்களுக்கு பிரைமரும் எனாமலும், கிடங்குச் சுவர்களுக்கு எமல்ஷனும், எப்போதாவது தொட்டிகளுக்கு எபாக்சியும் அடிப்பது என் தொழில். இந்த ஐந்தாண்டுகளில் இயந்திரம் சும்மா கிடந்த நாட்கள் மிகக் குறைவு.

முதலில் அதற்குரிய நியாயத்தைச் செய்துவிடுகிறேன். இந்த இயந்திரத்தை வாங்குவதற்கு முன்பு பதினைந்து ஆண்டுகள் கம்ப்ரசரில் ஓடும் ஸ்ப்ரே கன்னோடு வேலை செய்தவன் நான். அந்தக் கன்னின் பூர்வீகம் விசித்திரமானது. 1880களின் இறுதியில் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் ஆலன் டெவில்பிஸ் என்ற மருத்துவர், நோயாளிகளின் தொண்டையில் மருந்தைத் தூறலாக அடிப்பதற்கு ஒரு சிறு கருவியைச் செய்தார்; அவருடைய மகன் தாமஸ் அந்த வழியிலேயே பின்னாளில் பெயிண்ட் அடிக்கும் கன்னை உருவாக்கினார். தொண்டைக்கு அது பொருத்தமான கருவிதான். இருபது அடி உயரத்தில் நின்று இரும்புச் சட்டத்தில் அடிக்கும்போதோ, காற்றோடு கலந்து போகும் பெயிண்டில் ஒரு பங்கு சட்டத்தில் மோதித் திரும்பி, அடிப்பவனின் தொண்டைக்கே வந்து சேரும்.

ஏர்லெஸில் அந்தக் காற்று கிடையாது. பெயிண்டையே 3000 பிஎஸ்ஐ வரை, அதாவது கார் டயரில் உள்ளதைப்போல ஏறத்தாழ நூறு மடங்கு அழுத்தத்தில், அரை மில்லிமீட்டருக்கும் குறைந்த ஒரு துளையின் வழியே தள்ளும்போது, வெளிவரும் வேகத்திலேயே அது சிதறி விசிறியாக விரிகிறது. முன்பு மூன்று நாள் பிடித்த ஷெட்டை இப்போது ஒரே நாளில் முடித்துவிட்டு மாலையில் வீடு திரும்புகிறோம். கன்னின் முனையில் அந்தத் துளையைக் கொண்டிருக்கும் டிப்பின் எண்ணில்கூட ஓர் அழகு இருக்கிறது. 517 என்று பொறித்திருந்தால், முதல் இலக்கத்தை இரட்டிப்பாக்கினால் கிடைக்கும் பத்து அங்குலம்தான் ஓரடி தூரத்தில் விசிறியின் அகலம். அடுத்த இரண்டு இலக்கங்கள் துளையின் அளவு, அங்குலத்தில் ஆயிரத்தில் பதினேழு பங்கு. அடைப்பு வந்தால் டிப்பை அரைச்சுற்று திருப்பி ஒரு முறை விசையை அழுத்த வேண்டும். அடைத்த கசடு எதிர்ப்பக்கமாகத் தெறித்துவிடும். மீண்டும் திருப்பி வைத்து வேலையைத் தொடரலாம். இதைக் கண்டுபிடித்தவர் ஒரு நாளாவது சாரத்தின் மேல் நின்று பெயிண்ட் அடித்தவராகத்தான் இருக்க வேண்டும் என்று நான் நினைத்துக்கொள்வதுண்டு.

இந்த இடத்தில் ஓர் எச்சரிக்கையைச் சொல்லாமல் போக முடியாது. அடைத்த டிப்பை அழுத்தத்தை இறக்காமல் விரலால் தடவிப் பார்க்கும் பழக்கம் கம்ப்ரசர் கன்னிலிருந்து வந்தவர்களுக்கு இருக்கிறது. இந்த அழுத்தத்தில் பெயிண்ட் தோலைத் துளைத்து உள்ளே இறங்கிவிடும். வெளியே ஊசி குத்தியதைப்போல ஒரு புள்ளிதான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, ஆனால் உடனே அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைக்குப் போகாவிட்டால் விரலையே இழக்க நேரும். என் ஆட்களிடம் நான் கோபப்படும் ஒரே விஷயம் இதுதான்.

இனி குண்டு. இயந்திரத்தின் அடியில், வாளிக்குள் இறங்கும் உறிஞ்சு குழாய் பம்போடு சேரும் இடத்தில், சைக்கிள் பால்ரஸ் குண்டைவிடப் பெரிதாக ஒரு எஃகுக் குண்டு, வளையம் போன்ற ஓர் இருக்கையின் மேல் உட்கார்ந்திருக்கிறது. பிஸ்டன் மேலே போகும்போது குண்டு எழும்பி பெயிண்டை உள்ளே விடும்; கீழே வரும்போது இருக்கையில் அமர்ந்து வழியை மூடும். ஊர்ப்பக்கம் அடிபம்பு அடித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை, அதன் அடியில் இருக்கும் ஃபுட் வால்வு செய்யும் வேலைதான் இது. மோட்டாரும், பற்சக்கரங்களும், அழுத்தத்தை அளந்து மோட்டாரை நிறுத்தி ஓட்டும் மின்னணுப் பலகையும் எவ்வளவு விலை உயர்ந்தவையாக இருந்தாலும், காலையில் அந்தக் குண்டு எழுந்தால்தான் எங்களுக்கு வேலை.

அது எழுவதில்லை. முந்தைய நாள் கழுவிய பிறகும் எங்கோ மிச்சமிருக்கும் மெல்லிய படலம் இரவில் காய்ந்து, குண்டை இருக்கையோடு ஒட்டிவிடுகிறது. "அண்ணா, குண்டு ஒட்டிக்கிச்சு" என்ற குரல் கேட்காமல் விடிந்த காலைகளை முதல் இரண்டு ஆண்டுகளில் விரல்விட்டு எண்ணிவிடலாம். உடனே இயந்திரத்தை நிறுத்தி, அழுத்தத்தை இறக்கி, உறிஞ்சு குழாயைக் கழற்றி, கீழிருந்து ஒரு மூங்கில் குச்சியை விட்டுக் குண்டைத் தள்ள வேண்டும். 'டக்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதன் பிறகு நாள் முழுவதும் எந்தப் புகாரும் இருக்காது. சில நாட்களில் பொறுமையிழந்து பம்பின் பக்கவாட்டில் சுத்தியலின் மரப்பிடியால் தட்டியிருக்கிறோம், அதன் தழும்புகள் இன்றும் இருக்கின்றன. இரண்டு நிமிட வேலைதானே என்று கடைக்காரருக்குத் தோன்றலாம். சாரத்தின் மேல் மூன்று பேர் நிற்க, கீழே வீட்டுக்காரரோ மேலாளரோ கையைக் கட்டிக்கொண்டு பார்த்துக்கொண்டிருக்கும்போது அந்த இரண்டு நிமிடம் எவ்வளவு நீளமானது என்பதை நின்றவனிடம்தான் கேட்க வேண்டும்.

சேவை மையத்தில் கேட்டபோது, நீங்கள் சரியாகக் கழுவுவதில்லை என்று ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு வந்த கோபத்தில் குண்டையும் இருக்கையையும் புதிதாகவே வாங்கி மாற்றினேன். ஒரு வாரம் நன்றாக ஓடி, எட்டாம் நாள் மீண்டும் ஒட்டியது. அப்போதுதான் கழற்றிய பழைய குண்டை வெயிலில் வைத்து உற்றுப் பார்த்தேன். அதன் மேல் இருந்தது பெயிண்டின் நிறமன்று, வெந்நீர் அண்டாவின் அடியில் படிவதைப்போல ஒரு வெள்ளைப் பொருக்கு. எலுமிச்சைச் சாற்றில் போட்டபோது நுரைத்துக்கொண்டு கரைந்தது. எமல்ஷன் அடிக்கும் நாட்களில் வேலையிடத்தில் கிடைக்கும் போர்வெல் தண்ணீரால் கழுவி, அந்தத் தண்ணீரை உள்ளேயே விட்டுவிட்டு வந்துகொண்டிருந்தோம். இரவில் அது வற்றி, உப்பை மட்டும் குண்டுக்கும் இருக்கைக்கும் இடையில் விட்டுச் சென்றிருக்கிறது. யோசித்துப் பார்த்தால், உப்பு குறைந்த சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் வரும் வீடுகளில் வேலை நடந்த வாரங்களில் அந்தத் தொல்லை குறைவாகத்தான் இருந்தது. சிறுவாணியின் அருமை நாக்குக்கு மட்டும்தான் தெரியும் என்று இருந்தேன்.

ஆகவே சேவை மையத்தார் சொன்னதில் பாதி உண்மை இருந்தது என்பதை ஒப்புக்கொள்கிறேன். தண்ணீரால் கழுவிய பிறகு டர்பன்டைனையோ அதற்கென விற்கும் பாதுகாப்புத் திரவத்தையோ பம்புக்குள் ஓடவிட்டு, அதை உள்ளேயே நிறுத்திவைக்க வேண்டும் என்று கையேட்டின் பிற்பகுதியில் எழுதியிருக்கத்தான் செய்கிறது. செலவைப் பார்த்து அதை நான் தவிர்த்தேன். இப்போது செய்கிறேன்; தினமும் ஒட்டியது வாரத்துக்கு ஒரு முறையாகக் குறைந்திருக்கிறது. குறைந்திருக்கிறதே தவிர நிற்கவில்லை. சித்திரை வெயிலில் சாப்பாட்டு இடைவேளைக்குள் ஒட்டிக்கொண்ட நாட்களும் உண்டு.

என் கோபம் இன்னும் ஆறாததற்குக் காரணம் வேறு. வீட்டு உபயோகத்துக்கென்று, என்னுடையதைவிடப் பாதிக்கும் குறைந்த விலையில் விற்கும் சிறிய இயந்திரங்கள் சிலவற்றில், பம்பின் பக்கத்தில் ஒரு சின்னப் பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் உள்ளே ஒரு கம்பி குண்டைத் தொட்டுத் தள்ளிவிடும். குழாயைக் கழற்ற வேண்டாம், குச்சி தேட வேண்டாம். ஆண்டுக்கு ஒரு முறை தன் வீட்டு மதிலுக்கு அடிப்பவருக்கு இந்த வசதியைக் கொடுத்தவர்கள், தினமும் இதை நம்பிச் சோறு தின்பவனுக்கு ஏன் கொடுக்கவில்லை? தொழில்முறைக்காரனுக்குக் கழற்றத் தெரியும் என்று நினைத்திருப்பார்கள் போலும்.

இந்த இடத்தில் எனக்கு அடிபம்பு மீண்டும் நினைவுக்கு வருகிறது. 1970களில் யுனிசெஃப் துணையோடு உருவான இந்தியா மார்க் 2 அடிபம்பு உறுதியானது; ஆனால் அடியில் உள்ள பிஸ்டனிலோ ஃபுட் வால்விலோ கோளாறு என்றால் குழாய் முழுவதையும் கிணற்றிலிருந்து மேலே தூக்க வேண்டும், அதற்கு வண்டியும் ஆட்களும் வர வேண்டும். 1980களில் எங்கள் கோவைப் பகுதியில் நடந்த களச்சோதனைகளின் வழியாக வந்த மார்க் 3இல் குழாயை அகலமாக்கிவிட்டார்கள். பிஸ்டனையும் ஃபுட் வால்வையும் அந்தக் குழாயின் உள்ளேயே மேலே இழுத்து எடுத்துப் பழுது பார்த்துவிடலாம். தண்ணீர் இறைப்பதில் அது மார்க் 2ஐவிடப் பெரிதாக எதையும் சாதித்துவிடவில்லை. அடியில் இருக்கும் வால்வுக்குக் கை எட்டும்படி செய்தது, அவ்வளவுதான். பல லட்சம் சதுர அடி பெயிண்ட் அடித்த இயந்திரத்தை ஒரு கிராமத்து அடிபம்போடு ஒப்பிட்டு அதைத் தாழ்த்துகிறேனே என்று யாராவது வருத்தப்பட்டால், வருத்தப்படட்டும்.

எபாக்சி அடித்த ஒரு நாளையும் குறிப்பிட்டாக வேண்டும். இறுகவைக்கும் ஹார்டனரைக் கலந்துவிட்டால் எபாக்சி யாருக்கும் காத்திருக்காது. வெயில் ஏற ஏற அது இறுகும் நேரமும் சுருங்கும். கலந்து வைத்த பிறகு குண்டு ஒட்டிக்கொண்டதால், குழாயைக் கழற்றித் தள்ளி மீண்டும் ஓட்டுவதற்குள் வாளி கையில் தொட்டால் சுடத் தொடங்கிவிட்டது. ஒரு வாளி எபாக்சியை மண்ணில் கொட்டிவிட்டு, பம்பைக் காப்பாற்றத் தின்னரை ஓடவிட்டோம். அந்த வாளியின் விலையை நான் இன்னும் மறக்கவில்லை.

மற்றவை விரைவில் சொல்லிவிடக்கூடியவை. டிப் தேயும், தேயத் தேயத் துளை பெரிதாகி விசிறி குறுகும், பெயிண்ட் வீணாகும், அதை உணராமல் பெயிண்ட் கம்பெனியைத் திட்டிக்கொண்டிருப்போம். பழைய நைலான் சேலைத் துணியில் வடிகட்டிய பெயிண்டை ஊற்றினால் ஃபில்டர்கள் தொந்தரவு தருவதில்லை. பம்பின் கழுத்தில் தினமும் சில சொட்டு எண்ணெய் விட்டால் பேக்கிங்குகள் நீண்ட நாள் உழைக்கும். அவற்றில் பாதி இன்னும் தோலால் ஆனவை என்பதைப் பார்த்தபோது, சைக்கிள் பம்பின் தோல் வாஷரைப் பார்த்ததைப்போல எனக்கு ஒரு மகிழ்ச்சி. மோட்டாரும் மின்னணுப் பலகையும் ஐந்தாண்டுகளில் ஒரு முறைகூடக் கெடவில்லை. நம் ஊர் மின்சாரத்தில் இது சாதாரணமான செய்தியன்று.

இத்தனை நல்லதைச் சொல்லிவிட்டு, நண்பருக்கு நேற்று இரவு நான் அனுப்பிய பதில், வாங்க வேண்டாம் என்பதுதான். விலை எவ்வளவு குறைந்திருந்தாலும் அந்தப் பொத்தான் இல்லாத இயந்திரத்தை இனி வாங்காதீர்கள், பொத்தான் வைத்த பெரிய இயந்திரம் கிடைக்கும்வரை வாடகைக்கு எடுத்து ஓட்டுங்கள் என்று எழுதினேன். அவர் உடனே, அப்படியென்றால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள், நல்ல விலை தருகிறேன் என்று பதில் அனுப்பினார். தர முடியாது என்று சொல்லிவிட்டேன். நாளை காலை சிங்காநல்லூரில் ஒரு கிடங்குக்கு இரண்டாவது கோட் அடிக்க வேண்டியிருக்கிறது. பம்பில் டர்பன்டைன் நிரப்பி, மூங்கில் குச்சியையும் வண்டியில் எடுத்து வைத்தாயிற்று.