பாக்கெட் கேமரா கேட்டால் பழைய மிரர்லெஸ்ஸைத் தலையில் கட்டுகிறார்கள்: தில்லியில் கேமரா வாங்குபவர்கள் கவனத்துக்கு

பழைய தில்லிப் பக்கம் கேமரா வாங்கப் போகிறவர்கள், அதிலும் வயதான அப்பா அம்மாவுக்காக வாங்குகிறவர்கள், பணத்தை எடுத்துக் கொடுப்பதற்கு முன்னால் இதைப் படித்துவிடுங்கள். போன குளிர்காலத்தில் சாந்தினி சௌக்கை ஒட்டிய ஒரு கடையில், காம்பாக்ட் எனப்படும் பாக்கெட் கேமரா கேட்டுப் போன எங்கள் தலையில், லென்ஸைக் கழற்றி மாற்றும் மிரர்லெஸ் வகைக் கேமராவைக் கட்டி நன்றாக ஏமாற்றிவிட்டார்கள். கடையின் பெயரை எழுதப் போவதில்லை, புகார் நுகர்வோர் ஆணையத்தில் இருக்கிறது. ஏமாற்றிய விதம் தெரிந்தால் போதும், எந்தக் கடையில் நடந்தாலும் நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

அப்பா மத்திய அரசு வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். தினமும் காலையில் மயூர் விஹார் வீட்டிலிருந்து சஞ்சய் ஏரிப் பூங்காவுக்கு நடக்கப் போவார். குளிர்காலத்தில் அங்கே வெளியூர்ப் பறவைகள் வந்து இறங்கும். போனில் எடுத்தால் தண்ணீர் நடுவில் கறுப்புப் புள்ளிதான் தெரிகிறது, ஸ்வெட்டர் பையில் போட்டுக்கொள்ளும் அளவில் ஒரு கேமரா வேண்டும் என்று ரொம்ப நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தார். மூக்குக் கண்ணாடி போட்டவர், வெயிலில் பின்பக்கத் திரை அவருக்குச் சரியாகத் தெரியாது. அதனால் கண்ணை வைத்துப் பார்க்கிற வ்யூஃபைண்டர் கட்டாயம் இருக்க வேண்டும். பேத்தியின் நடன நிகழ்ச்சியையும் அவர்தான் எடுப்பதாக இருந்தது.

இதையெல்லாம் வைத்துத் தேடி, சோனியின் ஆர்எக்ஸ்100 மார்க் 7 என்று முடிவு செய்திருந்தேன். 2019-ல் வந்த மாடல். பேட்டரி, கார்டு எல்லாம் சேர்த்து 302 கிராம். 24 முதல் 200 மில்லிமீட்டர் வரை ஜூம். வ்யூஃபைண்டர் உள்ளேயிருந்து மேலெழும்பி வரும், வேலை முடிந்ததும் அமுக்கிவிடலாம். அப்பாவுக்கென்றே செய்ததுபோல இருந்தது. நாலைந்து கடைகளுக்குப் போன் செய்ததில் ஒரு கடைக்காரர் மட்டும் “ஸ்டாக் இருக்கு, இன்னைக்கே வாங்க” என்றார். விலையும் மற்ற இடங்களைவிட எட்டாயிரம் குறைவு.

மெட்ரோ பிடித்துப் போய்ச் சேர்ந்தோம். உட்கார வைத்து டீ வரவழைத்துக் கொடுத்தார்கள். அப்புறம்தான் “இப்பதான் அங்கிள்ஜி, அரை மணி நேரம் முன்னாடி கடைசி பீஸ் போச்சு” என்றார். அடுத்த மூச்சிலேயே, “நல்லதாப் போச்சுன்னு நினைங்க. காம்பாக்ட் காலமெல்லாம் முடிஞ்சு போச்சு. அதுக்கு போனே போதும். அதே காசுக்கு மிரர்லெஸ் தர்றேன், சென்சார் மூணு மடங்கு பெரிசு, லென்ஸ் மாத்திக்கலாம்” என்று ஒரு பெட்டியை எடுத்து மேஜையில் வைத்தார்.

“நாம கேட்டது இது இல்லையேப்பா, வேற கடை பார்க்கலாம்” என்றேன்.

“அவர் சொல்றதும் சரியாத்தானேம்மா இருக்கு, பெரிய சென்சார்ங்கறார்” என்றார் அப்பா.

கடைக்காரர் சொன்ன சென்சார் (கேமராவுக்குள் படம் பதியும் சில்லு) கணக்கில் பொய் இல்லை, அதனால்தான் அது எடுபடுகிறது. நாங்கள் கேட்ட கேமராவில் இருப்பது ஒரு இஞ்ச் வகை சென்சார், பெயர்தான் அப்படி, உண்மையான அளவு 13.2-க்கு 8.8 மில்லிமீட்டர். மிரர்லெஸ்ஸில் பரவலாக இருக்கும் ஏபிஎஸ்-சி சென்சார் ஏறக்குறைய 23.5-க்கு 15.6. பரப்பில் மூன்று மடங்குக்கு மேல். வெளிச்சம் குறைந்த இடத்தில் அது உதவும். ஆனால் கூடவே வரும் கிட் லென்ஸில் வெளிச்சம் நுழையும் துவாரம் சிறியது, ஜூம் செய்யச் செய்ய எஃப் 5.6-க்குப் போய்விடும். சென்சாரில் கிடைத்த லாபத்தில் ஒரு பங்கை அது தின்றுவிடும். அதைவிட முக்கியம் தூரம். 16-50 கிட் லென்ஸ், ஆர்எக்ஸ்100-க்குச் சொன்ன 24-200 கணக்கில் பார்த்தால், எட்டுவது 75 மில்லிமீட்டர் அளவுக்குத்தான். ஏரி நடுவில் இருக்கும் பறவையைப் பிடிக்க இன்னொரு லென்ஸ் வாங்க வேண்டும். சோனியின் 55-210 லென்ஸ் மட்டுமே 345 கிராம், அப்பா கேட்ட முழுக் கேமராவையும்விடக் கனம். ஸ்வெட்டர் பையில் போடுவது என்ற பேச்சுக்கே அங்கே இடமில்லை.

காம்பாக்ட் காலம் முடிந்துவிட்டது என்பதிலும் பாதிதான் உண்மை. சின்ன சென்சார் வைத்த சாதாரண பாக்கெட் கேமராக்களைப் போன் விழுங்கிவிட்டது, சரி. ஆனால் நல்ல காம்பாக்ட்டுகளுக்குச் சில வருடங்களாகக் கிராக்கி ஏறியிருக்கிறது. ஃபூஜிஃபில்ம் எக்ஸ்100-6 2024 பிப்ரவரியில் வந்தபோது வாங்க ஆட்கள் காத்துக் கிடந்தார்கள். கிராக்கி இருந்து சரக்கு குறைவாக இருப்பதால்தான் “இருக்கு, வாங்க” என்று போனில் சொல்லி ஆளை வரவழைக்க முடிகிறது. கடைக்குள் வந்துவிட்ட ஆளிடம் அப்புறம் எதை வேண்டுமானாலும் விற்கலாம்.

ஏன் மிரர்லெஸ்ஸாகப் பார்த்துத் தள்ளுகிறார்கள் என்பது எனக்குப் பிறகுதான் விளங்கியது. காம்பாக்ட்டில் லென்ஸும் பாடியும் ஒன்றாகப் பொருந்தியிருக்கும், ஒரே சீரியல் நம்பர், பிரித்து விற்க வழியில்லை. மிரர்லெஸ் கிட் அப்படி இல்லை. பாடிக்கு ஒரு நம்பர், லென்ஸுக்கு ஒரு நம்பர், தனியாகச் சார்ஜர், பேட்டரி, வார். எங்கிருந்தோ வந்த பாடியோடு வேறெங்கிருந்தோ வந்த லென்ஸைச் சேர்த்து, கைக்குக் கிடைத்த சார்ஜரைப் போட்டு, பெட்டியை மூடி ஸ்டிக்கர் ஒட்டினால் புதுக் கிட் தயார். நேர்மையாக மிரர்லெஸ் விற்கும் கடைகள் எவ்வளவோ இருக்கின்றன. தில்லுமுல்லு செய்ய நினைப்பவனுக்கு வசதியான சரக்கு அது என்பதைத்தான் சொல்கிறேன்.

பெட்டியைத் திறந்து காட்டுங்கள் என்று கேட்டேன். “இங்கே சீலை உடைச்சா வாரண்டி போயிடும் மேடம், வீட்டுல போய் நல்ல நேரம் பார்த்துத் திறங்க” என்றார். இது சுத்தப் பொய். வாரண்டி சீரியல் நம்பரையும் பில்லையும் பொறுத்தது, பெட்டியில் ஒட்டிய வட்ட ஸ்டிக்கரைப் பொறுத்தது இல்லை. பில் கேட்டபோது, ஜிஎஸ்டி பில் வேண்டுமானால் 18 சதவீதம் கூடும் என்றார். ஏற்கெனவே பேசிய விலைக்கு மேல் வரி என்று தனியாகக் கேட்பதே தப்பு என்று அங்கேயே சண்டை போட்டேன். கடைசியில் ஒரு கச்சா ரசீது வந்தது. அதில் “கேமரா 1” என்று மட்டும் எழுதி, கீழே விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது என்று அச்சடித்திருந்தது. யுபிஐ-யில் பணம் போட்டபோது திரையில் வந்தது கடையின் பெயர் இல்லை, யாரோ ஒரு தனி ஆளின் பெயர். கேட்டதற்கு “சின்னப் பையன் அக்கவுண்ட், ஒண்ணும் ஆகாது” என்றார். 128 ஜிபி கார்டு, பை, ஃபில்டர் எல்லாம் “உங்களுக்காக” என்று சேர்த்து அதற்கும் காசு வாங்கிக்கொண்டார்.

வீட்டில் வந்து திறந்தோம். வ்யூஃபைண்டரே இல்லை. வீடியோ போடுகிறவர்களுக்கென்று வரும் வகை அது. சோனி ஸெட்வி-இ10, நிக்கான் ஸெட்30 போன்ற சில மாடல்களில் வ்யூஃபைண்டர் கிடையாது, திரையைப் பார்த்துத்தான் எடுக்க வேண்டும். அப்பா கடையில் இரண்டு தடவை கேட்டிருந்தார், “எல்லாம் இருக்கு அங்கிள்ஜி” என்று தலையாட்டியிருந்தார்கள். சார்ஜரின் முள் இரண்டும் தட்டையாக இருந்தன, நம் வீட்டுப் பிளக்கில் நுழையாது. அதற்கு ஒரு மாற்றி தனியாகக் கிடந்தது. பால்கனியில் நின்று அப்பா முதல் படத்தை எடுத்தார். அந்தக் கோப்பின் எண்ணைப் பார்த்தால் நாலாயிரத்துச் சொச்சம்! புதுக் கேமராவில் புதுக் கார்டு போட்டு எடுத்தால் எண்ணிக்கை ஒன்றிலிருந்துதான் தொடங்கும். எங்களுக்கு முன்னால் யாரோ ஆயிரக்கணக்கில் படம் எடுத்துப் பழகிய கேமரா அது. லென்ஸைக் கழற்றிப் பார்த்தேன். பின்பக்க உலோக வளையத்தில் மாட்டிக் கழற்றிய கீறல் வட்டமாகத் தெரிந்தது.

மறுநாள் அந்தக் கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் நம்பரைப் போட்டுப் பார்த்துச் சொன்னார்கள்: பாடி இந்தியாவில் விற்பதற்காக வந்ததே இல்லை, இங்கே வாரண்டி கிடையாது. அவர்கள் மரியாதையாகத்தான் நடந்துகொண்டார்கள், அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. பெட்டியில் ஒரு ஸ்டிக்கர் இருந்திருக்க வேண்டும் என்று காட்டிக்கொடுத்ததும் அங்கே இருந்தவர்தான். வெளிநாட்டிலிருந்து முறையாக வரும் எந்தப் பெட்டியிலும் இறக்குமதி செய்தவரின் பெயர், முகவரி, மாதம், வருடம், எம்ஆர்பி, புகார் எண் எல்லாம் அச்சிட்டிருக்க வேண்டும். 2011-ம் வருட எடையளவு விதிகள் அதைக் கட்டாயமாக்கியிருக்கின்றன. எங்கள் பெட்டியில் அந்த இடம் வெறுமையாக இருந்தது. இந்த ஒன்றைப் பார்க்க அரை நிமிடம் ஆகாது, பெட்டியைத் திறக்கவும் வேண்டாம்.

கடைக்குத் திரும்பப் போனோம். டீ கொடுத்த அதே ஆள், “உங்க கையில் என்ன ஆச்சோ எனக்குத் தெரியாது” என்றார். அப்பாவை அங்கிள்ஜி என்று கூப்பிட்ட வாய், அன்றைக்கு நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

இதோடு போயிருந்தால் பணத்தோடு முடிந்திருக்கும். ஆர்.கே.புரம் தமிழ்ச் சங்க அரங்கில் என் மகளின் நடன நிகழ்ச்சி. வேறு கேமரா வாங்க அப்போது கையில் காசு இல்லை, இதையே முக்காலியில் வைத்து அப்பா முழுவதையும் 4கே-யில் எடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தால் புஷ்பாஞ்சலி இருக்கிறது, ஜதிஸ்வரம் இருக்கிறது, வர்ணம் முடிகிற வரைக்கும் இருக்கிறது. பதமும் தில்லானாவும் கோப்பாக மட்டும் தெரிகின்றன, திறந்தால் ஓடவில்லை. கார்டு போலி. 128 என்று கம்ப்யூட்டருக்கே பொய் சொல்கிற மாதிரி உள்ளே மாற்றிவைத்திருக்கிறார்கள். உண்மையில் இருந்தது முப்பதுக்குப் பக்கம். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் எடுக்கும் 4கே வீடியோ ஒரு மணி நேரத்துக்கு 45 ஜிபி பிடிக்கும், ஆக நாற்பது நிமிடத்தோடு கார்டின் கதை முடிந்துவிட்டது. அதற்கு மேல் எழுதியதெல்லாம் காற்றில் போயிற்று. சாதாரணமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்தால் மாதக்கணக்கில் தெரிந்தே இருக்காது. அந்தப் பிள்ளை ஒரு வருடம் உழைத்துக் கற்ற தில்லானா அது. “நான்தான் சரியா எடுக்கலையோ” என்று அப்பா திரும்பத் திரும்பக் கேட்டதை என்னால் தாங்க முடியவில்லை. அவர் எல்லாவற்றையும் சரியாகத்தான் செய்தார். கெடுத்தவன் கடையில் உட்கார்ந்திருக்கிறான்.

கார்டு எங்கே வாங்கினாலும், முக்கியமான எதையும் எடுப்பதற்கு முன் விண்டோஸ் கம்ப்யூட்டரில் எச்2டெஸ்ட்டபிள்யூ (H2testw) என்ற இலவச மென்பொருளை ஓட்டிப் பாருங்கள். கார்டு முழுவதையும் எழுதி, திரும்பப் படித்து, உண்மையான கொள்ளளவைச் சொல்லிவிடும். நேரம் பிடிக்கும், ராத்திரி போட்டுவிட்டுத் தூங்கலாம்.

கேமராவுக்கு நான் கடைசியாகச் சொல்வது இதுதான். எது வேண்டும் என்பதை வீட்டிலேயே முடிவு செய்யுங்கள், மாடல் பெயரோடு. கல்யாணம், மேடை நிகழ்ச்சி என்று லென்ஸ் மாற்றி மாற்றி எடுக்கப் போகிறவர்களுக்கு மிரர்லெஸ்தான் சரி, அதில் மறுபேச்சே இல்லை. பையில் போட்டுக்கொண்டு நடப்பவர்களுக்குக் காம்பாக்ட். கேட்ட மாடல் இல்லை என்று சொன்னால் டீயைக் குடிக்காமல்கூட எழுந்து வந்துவிடுங்கள். வாங்குவதாக இருந்தால் கடையிலேயே திறக்கச் சொல்லி, பெட்டி, பாடி, லென்ஸ் மூன்றிலும் இருக்கும் நம்பர்களைப் பில்லில் எழுத வையுங்கள். பில்லில் இருக்கும் ஜிஎஸ்டி எண் 15 எழுத்துகள் கொண்டது, தில்லிக் கடை என்றால் 07-ல் தொடங்கும். ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் கடையின் பெயர் வரும். அது வேறாக இருந்தால் பணம் கொடுக்காதீர்கள்.

ஏற்கெனவே ஏமாந்தவர்களுக்கு வழி இருக்கிறது. 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். முதலில் அங்கே புகார் கொடுத்தோம். கடைக்காரர் பாதிப் பணம் தருகிறேன், புகாரை வாபஸ் வாங்குங்கள் என்று போன் செய்தார். அப்பா மறுத்துவிட்டார். அப்புறம் நுகர்வோர் வழக்குகளுக்கென்று அரசு நடத்தும் இ-ஜாக்ரிதி இணையதளம் வழியாக மாவட்ட ஆணையத்தில் வழக்குப் போட்டோம். பொருளின் விலை 5 லட்சம் வரை இருந்தால் கட்டணம் கிடையாது, வக்கீல் வைத்தே ஆக வேண்டும் என்பதும் இல்லை, நாம் குடியிருக்கும் மாவட்டத்திலேயே போடலாம். 2019-ம் வருட நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி பில் தராமல் இருப்பதும், பழுதான பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதும் முறையற்ற வணிகம். திரும்ப வாங்குவதற்குப் பில்லில் காலக்கெடு எதுவும் போடாவிட்டால் 30 நாள் என்று சட்டமே சொல்கிறது. ரசீதில் “திரும்பப் பெறப்படமாட்டாது” என்று அச்சடித்துவிட்டதால் பழுதான பொருளை விற்றவன் தப்பித்துவிட முடியாது.

எங்களிடம் முறையான பில் இல்லை. அந்தத் தனி ஆள் கணக்குக்குப் போன யுபிஐ பதிவு, கச்சா ரசீது, கடைக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய விலை, சர்வீஸ் சென்டர் எழுதிக் கொடுத்த தாள், இவைதான் சாட்சி. உங்களிடமும் இதில் ஏதாவது இருக்கும், அழிக்காதீர்கள். பிரச்சினை எழுந்த நாளிலிருந்து 2 வருடத்துக்குள் வழக்குப் போட வேண்டும். போன வருடம் ஏமாந்து விட்டுவிட்டவர்களுக்கும் இன்னும் நாள் இருக்கிறது.